குப்பைக் கிடங்கும் அதைச் சுற்றிய நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பைக் கிடங்கின் அருகில் குடியிருப்பவர்கள், அங்கே மனை வாங்க நினைப்பவர்கள், தங்கள் ஊரில் கிடங்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் இதற்கு அடிப்படை. கிடங்கை எங்கே அமைக்கலாம் என்பதற்கான தூரம் ஒன்று. கிடங்கைச் சுற்றி வெறுமையாக விடவேண்டிய நிலம் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன.

கிடங்கு எங்கே அமையலாம் என்பதை முடிவு செய்வது எந்தச் சட்டம்?

ஒரே சட்டம் அன்று. குப்பையை எப்படிக் கையாள வேண்டும், எந்த இடங்களில் கொட்டக்கூடாது என்பதைச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் மத்திய அரசு வகுத்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. முதலில் 2000-ஆம் ஆண்டிலும், பிறகு விரிவாக 2016-ஆம் ஆண்டிலும் இவை வெளியாயின. இன்று நாம் காணும் கிடங்குகள் குறித்த வழக்குகளும் அனுமதிகளும் பெரும்பாலும் இவ்விரண்டையே அடிப்படையாகக் கொண்டவை. 2016 விதிகளுக்கு மாற்றாக வந்த 2026 விதிகளைப் பற்றிப் பின்னர் தனிக் கேள்வியில் சொல்லப்படுகிறது. ஒரு புல எண் குடியிருப்புப் பகுதியா, தொழிற்பகுதியா, விவசாயப் பகுதியா என்பதைத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் உருவாகும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) நிர்ணயிக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியில் அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பொறுப்பு. மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் பொறுப்பு. கட்டட அனுமதிக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பொருந்தும்.

கிடங்கிற்கான இடங்களை நகர் ஊரமைப்புத் துறையின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கவேண்டும் என்று 2016 விதிகள் கூறுகின்றன. இரண்டு சட்டங்களும் சந்திக்கும் இடம் அது ஒன்றுதான். அந்தச் சேர்க்கை நடக்காத ஊர்களில் ஒரு துறை கிடங்கை நடத்திக்கொண்டிருக்க, இன்னொரு துறை அதன் மதிலை ஒட்டியே மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சாத்தியமாகிவிடுகிறது.

விதிகள் சொல்லும் தூரங்கள் என்ன?

2016 விதிகளின் முதல் அட்டவணைப்படி, சுகாதார முறையில் அமைக்கப்படும் நிலநிரப்பு வளாகம், அதாவது அடியில் விரிப்பிட்டுக் குப்பையைக் கொட்டி மூடும் கிடங்கு, ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளத்திலிருந்து 200 மீட்டரும், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பொதுப் பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும், விமான நிலையத்திலிருந்தோ விமானப்படைத் தளத்திலிருந்தோ 20 கிலோமீட்டரும் தள்ளியிருக்க வேண்டும். கடந்த நூறாண்டுப் பதிவுகளின்படி வெள்ளம் பாயும் சமவெளி, கடலோர ஒழுங்குமுறை மண்டலம், சதுப்பு நிலம், சூழலியல் நோக்கில் எளிதில் பாதிப்படையக்கூடிய பகுதி ஆகியவற்றில் அனுமதியே இல்லை. வளாகம் குறைந்தது 20 முதல் 25 ஆண்டுகள் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்பதும் அதே அட்டவணையில் உள்ளது.

200 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்ற கேள்வி உடனே எழும். அளக்கும் முறையை விதி விளக்கவில்லை. குப்பை மேட்டின் விளிம்பிலிருந்து அளந்தால் கிடங்கு நடத்துபவருக்குச் சாதகம். வளாகத்தின் சுற்றுச்சுவரிலிருந்து அளந்தால் குடியிருப்பவருக்குச் சாதகம். தள்ளியிருக்க வேண்டியது வளாகம் என்றே விதி சொல்வதாலும், மேடு ஆண்டுதோறும் பரவக்கூடியது என்பதாலும், சுவரிலிருந்து அளப்பதே முறையானது என்பது இதை எழுதுபவரின் கருத்து.

எனது மனை கிடங்கிலிருந்து 150 மீட்டரில் உள்ளது. இந்த விதி நான் வீடு கட்டுவதைத் தடுக்குமா?

இந்த விதி தடுக்காது. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கிடங்கு வருவதை 200 மீட்டர் விதி தடுக்கிறது; கிடங்குக்குப் பக்கத்தில் புதிதாக வீடு வருவதை அது தடுப்பதில்லை. அதைத் தடுக்கவேண்டுமானால் முழுமைத் திட்டத்தில் அந்த நிலத்தின் பயன்பாட்டு வகை அதற்கேற்ப அமைந்திருக்க வேண்டும், அல்லது கட்டட அனுமதி தரும் அமைப்பு வேறொரு சட்டக் காரணத்தைக் காட்ட வேண்டும். உங்கள் நிலம் குடியிருப்பு வகையில் இருந்து, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால், கிடங்கின் அருகாமை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி மத்திய விதியின் பெயரால் அனுமதியை மறுப்பது கடினம்.

இது நல்ல செய்திபோலத் தோன்றலாம், ஆனால் நல்ல செய்தி அன்று. ஊருக்கு வெளியே, வெட்டவெளியில், எல்லாத் தூரங்களையும் கடைப்பிடித்து அமைக்கப்பட்ட கிடங்கைச் சுற்றிலும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் வீடுகள் வந்து நிறைந்துவிடுவதற்கு இந்த ஒருவழித்தன்மைதான் காரணம். வந்தவர்கள் விதியை மீறவில்லை, கிடங்கும் மீறவில்லை; ஆனால் புகையும் ஈயும் துர்நாற்றமும் இரு தரப்புக்கும் நடுவே இருக்கின்றன. கிடங்கு இருப்பது தெரிந்துதானே வந்தீர்கள் என்ற வாதத்தை அதிகாரிகள் அதன்பின் எடுத்து வைப்பார்கள். தெரிந்து வந்தவருக்கும் மூச்சுவிடும் உரிமை உண்டு. இருப்பினும், இடத்தை மாற்றக் கோரும் வழக்கில் அவரது நிலை சற்றுப் பலவீனமானதே.

அப்படியானால் பஃபர் ஜோன் என்பது என்ன? அது என் நிலத்தின் மீது வருமா?

அலுவலகங்களில் பஃபர் ஜோன் என்று வழங்கும் இடைவெளிப் பகுதி, எந்தக் கட்டுமானமும் வரக்கூடாத நிலப்பட்டையாகும். நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேற்பட்ட திறன் கொண்ட கழிவுப் பதப்படுத்தும் நிலையத்துக்கும் நிலநிரப்பு வளாகத்துக்கும் இது கட்டாயம்.

2000-ஆம் ஆண்டு விதிகள், நிலநிரப்பு வளாகத்தைச் சுற்றி வளர்ச்சிப் பணிகள் அற்ற இடைவெளிப் பகுதி பேணப்பட வேண்டும், அது நகர் ஊரமைப்புத் துறையின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்றன. சுற்றியுள்ள தனியார் நிலத்தின் மீதும் கட்டுப்பாடு விதிக்க அதில் இடமிருந்தது. 2016 விதிகளோ, அந்த இடைவெளிப் பகுதி வளாகத்துக்கென ஒதுக்கப்பட்ட மொத்தப் பரப்புக்குள்ளேயே பேணப்பட வேண்டும் என்று மாற்றிவிட்டன. ஆகவே 2016-க்குப் பிறகு அந்தப் பட்டை கிடங்கின் சுவருக்கு உள்ளே இருக்கவேண்டியது. உங்கள் பட்டா நிலத்தின் மீது வராது.

இந்த மாற்றத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பக்கத்து விவசாயியின் நிலத்தைப் பணம் கொடுக்காமலேயே முடக்குவது நேர்மையன்று. கிடங்கு வேண்டுமென்பவரே இடைவெளிக்கான நிலத்தையும் வாங்கட்டும் என்பது சரியான கொள்கை. நடைமுறையில் அது எங்கே தடுமாறுகிறது என்பதைக் கணக்கிட்டால் புரியும். 10 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர், சதுர வடிவில் இருப்பதாகக் கொள்வோம். அதன் ஒரு பக்கம் சுமார் 316 மீட்டர். நான்கு பக்கமும் உள்ளே 50 மீட்டர் விட்டால் எஞ்சுவது சுமார் 4.7 ஹெக்டேர், பாதிகூட இல்லை. 100 மீட்டர் விட்டால் எஞ்சுவது 1.35 ஹெக்டேர் மட்டுமே. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும்போது எந்த நகராட்சி பொறியாளரும் அகலமான இடைவெளியை விரும்பிக் கேட்கமாட்டார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அந்தப் பட்டையின் அகலம் எவ்வளவு? யார் முடிவு செய்வது?

2016 விதிகள் ஒரே எண்ணை எல்லாருக்கும் விதிக்கவில்லை. உள்ளாட்சி அமைப்பு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கலந்தாலோசித்து, ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக அகலத்தை வகுக்கவேண்டும் என்று அட்டவணை கூறுகிறது. 5 டன்னுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அதே வாரியத்தைக் கலந்து இடைவெளிப் பகுதியை அறிவிக்கை செய்வதை மாநில நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளரின் கடமைகளில் ஒன்றாகவும் விதிகள் சேர்த்திருக்கின்றன.

குப்பையை உண்டாக்கும் அமைப்பே அகலத்தை வகுப்பது என்பதில் உள்ள சிக்கல் வெளிப்படையானது. ஒரு மாநகராட்சியின் குப்பை அடுத்த பேரூராட்சியின் எல்லையில் கொட்டப்படும்போது அது இன்னும் கூர்மையடைகிறது. சென்னையின் குப்பை கொட்டப்படும் பெருங்குடி, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. கோவை மாநகராட்சியின் குப்பை வெள்ளலூருக்குச் செல்கிறது. கொட்டுபவர் ஒருவர், நாற்றத்தைத் தாங்குபவர் வேறொருவர் என்ற நிலையில், அகலத்தை வகுக்கும் பேச்சில் பக்கத்து ஊராட்சிக்கு இடம் கிடைப்பது மன்றத் தீர்மானங்கள் மூலமும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் மூலமும்தான்.

விமான நிலையத்துக்கும் குப்பைக்கும் என்ன தொடர்பு?

பறவைகள். உணவுக்கழிவு கொட்டுமிடத்தில் பருந்தும் காகமும் கொக்கும் கூடும். அவை விமான இயந்திரத்தில் மோதினால் உயிர்ச்சேதம் ஏற்படலாம். 20 கிலோமீட்டர் பொதுவிதி. 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் சிறப்பு நேர்வாக, விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அல்லது விமானப்படையின் தடையின்மைச் சான்று பெற்று அமைக்கலாம். இதைத் தவிர, 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் குப்பை கொட்டுவதையும் விலங்குகளை வெட்டித் தோலுரிப்பதையும் தடை செய்கிறது. மதுரை அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல் கிடங்கு விமான நிலையத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

சதுப்பு நிலத்தை ஒட்டிய கிடங்குகளுக்குத் தனி விதி உண்டா?

உண்டு. சதுப்பு நிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள் 2017, அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலத்துக்குள் திடக்கழிவு கொட்டுவதைத் தடை செய்கின்றன. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர்த்த நிரந்தரக் கட்டுமானத்தையும் அவை தடுக்கின்றன.

பள்ளிக்கரணை இதற்குத் தமிழ்நாடு அறிந்த எடுத்துக்காட்டு. வருவாய்ப் பதிவேடுகளில் கழுவெளி என்று குறிக்கப்பட்ட அந்த நீர்நிலையின் மீதே பெருங்குடிக் கிடங்கு வளர்ந்தது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலமாக, அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கிடங்கில் பெருந்தீ மூண்டது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பு நிலத்தின் செல்வாக்கு மண்டலம் (அதன் நலனைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) வரையறுக்கப்படும் வரை, ராம்சார் தளத்திலும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி வழங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த ஒரு கிலோமீட்டர் சதுப்பு நிலத்துக்கானது, குப்பைக் கிடங்குக்கானது அன்று. பெருங்குடிப் பகுதியில் மனை வைத்திருப்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சட்டம் இல்லாவிட்டாலும் சதுப்பில் முறையான கிடங்கு அமைவது பொறியியல் வழியாக இயலாது. தரமான நிலநிரப்பு வளாகத்தின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் படுகையும், அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனான பாலிஎத்திலீன் விரிப்பும் இருக்கவேண்டும். நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டம் அந்தக் களிமண் படுகைக்குக் குறைந்தது 2 மீட்டர் கீழே இருக்கவேண்டும். கழுவெளியில் அப்படி ஓர் இடத்தை எங்கே தேடுவது?

பழைய திறந்தவெளிக் கிடங்குகளுக்கு இந்தத் தூரங்கள் பொருந்துமா?

தூரவிதிகள் புதிய வளாகத்துக்கான இடத்தேர்வைப் பற்றியவை. பெருங்குடி, கொடுங்கையூர், வெள்ளலூர், திருச்சி அரியமங்கலம் போன்றவை 2016 விதிகளுக்கு முன்பே தோன்றியவை. அவற்றை உரக்கிடங்கு என்று பெயரளவில் அழைத்தாலும் அடிவிரிப்போ, குப்பையிலிருந்து கசியும் அழுக்குநீரான கசிவுநீருக்கு வடிகாலோ இல்லாத திறந்தவெளிக் குவியல்களே அவை. இவற்றை ஆராய்ந்து, பயோமைனிங் எனப்படும் அகழ்ந்து பிரிக்கும் முறையில் அகற்ற முடியுமா என்று பார்க்கவேண்டும் என்பதே 2016 விதிகளின் அணுகுமுறை. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் இதற்கு நிதி ஒதுக்கியது.

பழைய குவியல்கள் அருகே தூரம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. உண்மையில் ஆபத்து அங்கேதான் அதிகம். கொழும்பின் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பை மேடு சரிந்து அதன் அடிவாரத்து வீடுகளைப் புதைத்ததில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் பற்றிய தீயின் புகை பல நாட்கள் நகரையே மூடியது. சரிவு எட்டும் தூரம் வேறு, புகை எட்டும் தூரம் வேறு, கசிவுநீர் எட்டும் தூரம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே வட்டத்தைப் போடுவது நிர்வாக வசதிக்கு உதவுமே தவிர, ஆபத்தின் அளவைக் காட்டாது.

எங்கள் ஆழ்துளைக் கிணறு 300 மீட்டரில் இருக்கிறது. பாதுகாப்பானதா?

தூரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கசிவுநீர் நிலத்தடி நீரோட்டத்தின் திசையில் செல்லும். மேட்டுப்புறத்தில் 100 மீட்டரில் உள்ள கிணறு கெடாமல் இருக்கலாம். பள்ளப்புறத்தில் 600 மீட்டரில் உள்ளது கெட்டுப்போகலாம். பாறைப் பிளவுகள் வழியே நீர் ஓடும் உள்மாவட்டங்களில் இதைக் கணிப்பது இன்னும் கடினம்.

வளாகத்தின் சுற்றெல்லையிலிருந்து 50 மீட்டர் வரையுள்ள நிலத்தடி நீரை மழைக்கு முன்னும், மழைக்காலத்திலும், மழைக்குப் பின்னும் சோதிக்கவேண்டியது கிடங்கு நடத்துபவரின் கடமை. அதற்கு அப்பால் உள்ள உங்கள் கிணற்றை நீங்கள்தான் சோதித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒருமுறை எடுத்து அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வழக்கு வந்தால் கிடங்கு வருவதற்கு முந்தைய நிலையைக் காட்டும் காகிதம்தான் மிகவும் உதவும்.

தெருவில் அமைக்கும் நுண் உரமாக்கும் மையத்துக்கும் இடைவெளி விதி உண்டா?

அதன் திறன் நாளொன்றுக்கு 5 டன்னுக்குள் இருந்தால் கட்டாய இடைவெளிப் பகுதி இல்லை.

கிடங்கின் அருகில் மனை வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். அவை எதுவும் பக்கத்துப் புல எண்ணில் என்ன வரப்போகிறது என்பதைச் சொல்லாது. முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் புல எண்ணோடு சுற்றியுள்ள புல எண்களையும் பாருங்கள். அரசு புறம்போக்காகப் பெரிய பரப்பு ஒன்று வெறுமையாகக் கிடந்தால், அதை எந்தத் துறைக்கு நிலமாற்றம் செய்திருக்கிறார்கள் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். கிடங்கு ஏற்கெனவே இயங்குகிறதென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதற்குத் தந்த அங்கீகாரத்தின் நகலையும், அதில் இடைவெளிப் பகுதி எவ்வளவு என்று குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அதே வழியில் கேட்கலாம்.

விற்பவரின் முகவர் கிடங்கை அடுத்த ஆண்டு எடுத்துவிடுவார்கள் என்று சொல்வார். அவர் அதை எந்த ஆண்டிலும் சொல்வார்.

எனது பட்டா நிலத்தை முழுமைத் திட்டத்தில் கிடங்குக்கென ஒதுக்கிவிட்டார்கள். என்ன செய்வது?

ஒதுக்கீடு என்பது கையகப்படுத்துதல் அன்று. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை அரசிதழ் அறிவிப்பிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டாலோ, உடன்பாட்டின் பேரில் வாங்காவிட்டாலோ, அந்நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்கிறது. திட்டம் வரைவு நிலையில் இருந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

கிடங்கு மூடப்பட்ட பிறகு அந்த நிலத்தில் வீடு கட்டலாமா?

விதிகளின்படி மூடப்பட்ட நிலநிரப்பு வளாகத்தைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். அதன் பிறகும், வெளியேறும் வாயுவும் கசிவுநீரும் வரையறைக்குள் இருந்து, மண் உறுதியாக இருப்பதும் நிரூபிக்கப்பட்டால் மட்டுமே குடியிருப்புக்குப் பரிசீலிக்கலாம். உள்ளே அழுகும் பொருள் மீத்தேனை வெளியிட்டுக்கொண்டே இருப்பதும், நிலம் சீரற்று அமிழ்ந்துகொண்டே போவதும் இதற்குக் காரணம்.

2026 விதிகளால் என்ன மாறுகிறது?

2016 விதிகளுக்கு மாற்றாக, திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. 5 டன்னுக்கு மேற்பட்ட நிலையங்கள் தங்கள் பரப்புக்குள்ளேயே இடைவெளிப் பகுதியைப் பேணவேண்டும் என்ற நிலைப்பாடு தொடர்கிறது. இடைவெளியின் அளவையும், அதற்குள் எந்தச் செயல்பாடுகள் நடக்கலாம் என்பதையும், திறனையும் மாசுச் சுமையையும் பொறுத்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டுதல்களாக வகுக்கும் என்பது புதிது. ஒவ்வோர் ஊரிலும் பேரம்பேசி அகலத்தைக் குறைக்கும் வழக்கம் இதனால் மட்டுப்படலாம். சுவருக்கு வெளியே உள்ள நிலத்தை முறைப்படுத்துவது முன்போலவே மாநில நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வேலையாக இருக்கிறது.

எங்கே, எப்போது ஆட்சேபிக்கலாம்?

பொதுத் திடக்கழிவு மேலாண்மை வளாகம் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் ‘பி’ வகையில் வருவதால் மாநில அளவிலான சுற்றுச்சூழல் அனுமதி தேவை. கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் நேர்வுகளில் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வரவேண்டும். அந்தக் கூட்டத்தில் முழக்கம் எழுப்புவதைவிட, குளம், கிணறு, வீடு ஆகியவற்றின் தூரத்தைப் புல வரைபடத்தில் குறித்து எழுத்தில் கொடுப்பது பயன் தரும். அது பதிவில் ஏறும், பின்னர் மேல்முறையீட்டில் பேசும்.

அனுமதி வழங்கப்பட்டுவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். இயங்கும் கிடங்கால் ஏற்படும் சூழல் தகராறுகளுக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் காலவரம்பு. இழப்பீடு கோருவதற்கு ஐந்து ஆண்டுகள். மனுக் கொடுத்துவிட்டு அலுவலகத்தின் பதிலுக்காக ஓராண்டு காத்திருந்தவர்கள் இந்த ஆறு மாதத்தைத் தவறவிடுவதுண்டு. மனு நிலுவையில் இருப்பதாலேயே காலவரம்பு நின்றுவிடாது.